யாரு பாத்தா சாரும் குடைக்குள் இருந்த ஜரிகையும்

எங்கள் ஊரில் வதந்திக்குப் பயந்த மனிதர்கள் நிறைய உண்டு. வதந்தியே பயந்த மனிதர் ஒருவர்தான். அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் போதும், அதுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துவந்த வதந்தி சட்டென்று சந்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும்.

பிள்ளைகளே, அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'யாரு பாத்தா சார்'. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பாராம். (இது நான் கேள்விப்பட்டது, நேரில் பார்க்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் எதைச் சொன்னாலும் இப்படி ஒரு வால் ஒட்டித்தான் சொல்வோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முசரவாக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். தினமும் சைக்கிள் மிதித்து வந்து எங்களுக்குத் தமிழ் நடத்தினார். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். வேட்டி செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் ஒரு கிளிப் போட்டிருப்பார். வகுப்புக்குள் வந்த பிறகும் அதைக் கழற்ற மறந்து, ஒரு கால் பஞ்சகச்சமும் ஒரு கால் வேட்டியுமாக நின்று பாடம் நடத்துவார். சைக்கிளில் பெல் கிடையாது. "பெல்லு எதுக்குடா? கண்ணு இருக்கறவன் பாத்து ஒதுங்கட்டும்" என்பார். ஒதுங்காதவர்கள்மேல் மோதிவிட்டு, "நீ பாக்கலியா? நானும் பாக்கல" என்று நியாயமாக ஒப்புக்கொள்வார்.

அறுபதுகளின் கடைசியில் நான் ஒன்பதாவது படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். டீக்கடையில் ஒருவர் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓரிக்கை பக்கம் பாலாத்துல முதலை வந்துக்கீது சார். ஒரு ஆட்டையே முழுங்கிடுச்சாம்."

"யாரு பாத்தா?"

"ஊரே பேசிக்கினு இருக்குது சார்."

"ஊரு பேசும்பா. யாரு பாத்தா?"

"எங்க மச்சான் சொன்னான்."

"மச்சான் பாத்தானா?"

"மச்சானுக்கு அவங்க சகலை சொன்னாராம்."

வேறு யாராக இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அந்த ஆளைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சானோடு சகலை வீட்டுக்குப் போனார். சாயங்காலம் ஓரிக்கை ஆற்றங்கரையில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டிய கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் கேள்விப்பட்டவர்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. எதிரே பாலாறு எப்போதும்போல வெறும் மணலாகக் கிடந்தது.

"ஆத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. முதலை எதுலப்பா நீந்தி வந்துச்சு?" என்று சார் கேட்டார்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "அதான் சார் ஆச்சரியமே. தண்ணி இருந்து வந்துருந்தா இத எவன் பேசப்போறான்?"

சாருக்குக் கோபம் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அவரோ அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாள் வகுப்பில், "கதைன்னா இன்னான்னு அந்தப் பெரியவரு ஒரே வரியில சொல்லிட்டாருடா" என்று சொல்லி, பாடம் முழுக்க அந்த முதலையையே நடத்தினார். இதை நான் பார்த்தேன். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

பெஞ்சு என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். துணைப்பாட நூலில் உள்ள சிறுகதைகளை மற்ற வாத்தியார்கள் ஒரு பையனை எழுப்பிப் படிக்கச் சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். இவருக்கு அது ஆகாது. கதையைப் பிரித்து மேய்ந்தாக வேண்டும். அதற்காக வகுப்பையே பிரித்து வைத்திருந்தார். முதல் பெஞ்சுக்குப் பெயர் 'இடம்'. கதை எங்கே நடக்கிறது, வெயிலா மழையா, வீட்டுக்கு வாசற்படி உண்டா என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்த பெஞ்சு 'ஆள்'. அதற்கடுத்தது 'சிக்கல்'. கடைசி பெஞ்சுதான் 'யாரு பாத்தா'. இந்தக் கதையை யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும், அவர் அங்கே இருந்தாரா என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துபவர் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டுப் பயந்துபோனார். "சிக்கல் பெஞ்சு, எழுந்திரு. நேத்து இன்னா சிக்கல்? தீந்துச்சா இல்லியா?" என்று ஒரு குரல் கேட்கும். "தீரல சார், கிணத்துல விழுந்துட்டான் சார்" என்று இன்னொரு குரல் கேட்கும். அவர் ஒருநாள் ஓடிவந்து எட்டிப்பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டுப் போனார்.

ஒரு கதையில் அரசன் ஒருவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே அழுகிறான். அந்த இடம் வந்ததும் சார் புத்தகத்தை மூடினார்.

"தாழ்ப்பாள் போட்டாச்சு. உள்ள ராஜா மட்டும்தான். யாரு பாத்தா?"

கடைசி பெஞ்சு மொத்தமும் விழித்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "சாவித் துவாரத்துல பாத்துருப்பாங்க சார்."

"நல்லது. அப்ப கதை சொல்றவன் எங்க நிக்கிறான்?"

"வெளியில சார்."

"வெளியில நிக்கறவனுக்கு ராஜா மனசுல நெனச்சது எப்படித் தெரிஞ்சுது? மனசுக்குமா சாவித் துவாரம் இருக்குது?"

அவர் சிரித்தார். "இருக்குதுடா. கதை எழுதறவனுக்கு மட்டும் இருக்குது. அதனாலதான் அவன் சொல்றத ரசிக்கணும். ஆனா மத்தவன் எவனாவது வந்து அடுத்தவன் மனசுல இருக்கறதச் சொன்னா மட்டும் உடனே கேட்டுடணும். இன்னா கேக்கணும்?"

"யாரு பாத்தா சார்!" என்று வகுப்பே கத்தியது.

இது எந்த அளவுக்குப் போயிற்று என்றால், ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இக்கதை நமக்குப் புகட்டும் நீதி யாது?" என்று கேட்டபோது, ஆள் பெஞ்சில் இருந்த தாமு எழுந்து, "அந்த நீதியை யாரு சொல்றாங்க சார்? ராஜாவா, கதை எழுதுனவரா, நீங்களா?" என்று பணிவாகக் கேட்டான். அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் சாரைப் பார்த்தார். சார் தாமுவைப் பார்த்தார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல.

அந்தத் தாமுவால்தான் வந்தது வினை.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு நெசவாளர் இருந்தார். குடைக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். வருஷம் முழுவதும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வெயிலுக்கு விரிக்கமாட்டார், மழைக்கும் விரிக்கமாட்டார். நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகும்போது மட்டும், தூறல் விழுந்தால் விரிப்பார். அதுவும் சேலை மூட்டைக்கு மேல்தான். குடைக்கு வெளியே தொப்பலாக நனைந்தபடி அவர் நடப்பார். "நான் நனைஞ்சா காஞ்சிடுவேன். அது நனைஞ்சா என் பொழப்பு போச்சு" என்பார். முதலாளி என்பவர் எங்கள் தெருவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து சேலையாக நெய்யவைத்து வாங்குகிறவர். அவர் பாவு (சேலையின் நீளவாட்டு இழை) கொடுத்தால் வீட்டில் தறி ஓடும். கொடுக்காவிட்டால் அடுப்பு எரியாது.

ஒரு திங்கட்கிழமை சார் எங்களைக் கதை எழுதச் சொன்னார்.

"படிச்சது போதும்டா. வெள்ளிக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு கதை எழுதிக்கினு வாங்க. இடம் உங்க தெருவாவே இருக்கட்டும், தெரியாத ஊரப்பத்திப் புளுகாதீங்க. கதையில வர்ற ஆளுக்கு ஒரு அடையாளம் வேணும். மூக்கு, நடை, இல்லன்னா கையில ஒரு சாமான். சிக்கல் இருக்கணும். முடிவு மட்டும் எழுதாதீங்க. அத வகுப்புல எல்லாரும் பேசி முடிவு பண்ணலாம். வீட்டுல சத்தமா படிச்சுப் பாருங்க. நேத்து நம்ம தெருவுல நடந்தத சொல்ற மாதிரி இருக்கணும்."

தாமு நல்ல மாணவன். சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தான்.

அவன் அம்மா தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தாமு சத்தமாகப் படித்தான்: "நம்ம தெருக் கடைசியில ஒருத்தர் இருக்காரு. எப்பவும் கையில குடை. மழை வந்தாலும் விரிக்கமாட்டாரு. ஏன் விரிக்கமாட்டாரு? விரிச்சா விழுந்துடும். எது விழும்? முதலாளி வீட்டு ஜரிகை. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அதுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்காரு."

அவ்வளவுதான் கதை. முடிவு கிடையாது.

தாமு வீட்டில் முடிவு இல்லாமல் நின்ற கதை, தண்ணீர்க் குழாயடியில் தானாக நடக்கத் தொடங்கியது. மாலைக்குள் ஜரிகை வளர்ந்தது. மறுநாள் அந்த ஜரிகையைக் குடைக்காரர் ஆற்காட்டுப் பக்கம் கொண்டுபோய் விற்பதாகச் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த நாள் அவர் அங்கே ஒரு வீடே கட்டிக்கொண்டிருந்தார். மாடி வீடு.

முதலாளி எதையும் நேராகக் கேட்கிறவர் அல்ல. குடைக்காரர் சேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த பாவுக்கு நின்றபோது, "பட்டு இன்னும் வரலப்பா. வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார். மற்றவர்களுக்குப் பட்டு வந்துகொண்டுதான் இருந்தது. வாரங்கள் போயின. தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. கடைசி வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். குடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே சின்னப் பிள்ளைகள் கூட்டமாகத் தரையைப் பார்த்தபடி வருவது ஏன் என்றும் தெரியவில்லை. ஏதாவது விழுந்தால் பொறுக்கலாம் என்று அவர்கள் வந்தார்கள்.

நீங்கள் கேட்கலாம், வெள்ளிக்கிழமை வகுப்பில் தாமு அதைப் படித்திருப்பானே, சாருக்குத் தெரிந்திருக்குமே என்று. அந்த வெள்ளிக்கிழமை முதல் சாருக்குக் காய்ச்சல். முசரவாக்கத்தில் வாரக்கணக்கில் படுத்துவிட்டார். ஊரில் ஒரே ஒரு பூனை இருந்தது, அதுவும் போர்த்திக்கொண்டு படுத்ததால் எலிகள் தெருவில் ஊர்வலம் போயின என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுந்து வந்த அன்று, பஞ்சர் ஒட்டும் கடையில் சேதி காதில் விழுந்தது. பள்ளி விடுமுறை நாள். நாங்கள் கடைசி பெஞ்சுக்காரர்கள் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தோம்.

"குடைக்குள்ள ஜரிகையா? யாரு பாத்தா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"தெரியும்ங்கறத விடு. யாரு பாத்தா?"

பஞ்சர்காரர் யோசித்தார். அவருக்கு முதலாளி வீட்டு வேலையாள் சொன்னதாம். சார் எங்களைப் பார்த்தார். "யாரு பாத்தா பெஞ்சு, கிளம்புங்கடா. இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸு."

வேலையாளுக்குக் குழாயடியில் ஒரு அம்மா சொன்னார். அந்த அம்மாவுக்கு இன்னொரு அம்மா. எல்லோரும் நல்லவர்கள்தான். ஒவ்வொருவரும், "நான் நம்பல சார், ஆனா கேட்டத சொன்னேன்" என்றார்கள். நம்பாதவர்கள் கைமாற்றிக் கைமாற்றியே அந்தக் கதை ஒரு தெரு முழுக்க நடந்திருக்கிறது. கடைசியில் நாங்கள் வந்து நின்ற வாசல் தாமுவின் வாசல்.

தாமுவின் அம்மா தறியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "எம் புள்ளதான் சார் படிச்சான். இஸ்கூல்லயே எழுதிக்கினு வரச் சொன்னாங்களாமே. இஸ்கூல்ல பொய்யா சொல்லிக் குடுப்பாங்க?"

சார் 'யாரு பாத்தா' என்று கேட்காமல் நின்ற ஒரே தருணம் அதுதான். அப்படியே தறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். காலில் கிளிப் மாட்டியிருந்தது. தாமு உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அழ ஆரம்பித்தான்.

"நீங்கதான சார் சொன்னீங்க, கையில ஒரு சாமான் வேணும்னு."

"சொன்னேன்டா."

"நேத்து நடந்த மாதிரி படிக்கணும்னு சொன்னீங்களே சார்."

"அதுவும் நான்தான்டா சொன்னேன்." காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கஷ்டம் இன்னான்னா, நல்லா எழுதிக்கீற. கேவலமா எழுதியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டாங்க."

நேரே முதலாளியிடம் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். அது பையன் எழுதிய கதை, பாடத்துக்காக எழுதியது என்று விளக்கினார். முதலாளி வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி சார், கதைன்னே வச்சிக்குவோம். ஒண்ணுமே இல்லாம சின்னப் பையன் மனசுல அது எப்படித் தோணும்?" என்றார்.

அப்போதுதான் சாருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு கதை பொய் என்று ஒருவரிடம் சொன்னால், கதையோடு அதுவும் சேர்ந்து பரவும். அவ்வளவுதான்.

அங்கிருந்து கடைசி வீட்டுக்குப் போனார். நாங்கள் வாசலில் நின்றோம். வெறும் தறிக்குப் பக்கத்தில் குடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை, தாமுமேல் போடவும் இல்லை. "என் பாடத்துல இருந்து கிளம்புனதுதான். உங்க பாவு நின்னுபோனதுக்கு நான்தான் காரணம்" என்றார்.

குடைக்காரர் வெறும் தறியை ஒருமுறை தடவினார். பிறகு, "ஆற்காட்டுல மாடி வீடு எனக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"எத்தினி ரூமு வச்சிக் கட்டிக்கிறாங்களாம்?"

சார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குத் தெருவுல பாவு இழுக்கறாங்க இல்ல? அங்க இந்தக் கதைய எல்லார் முன்னாலயும் படிக்கலாம்னு இருக்கேன். நீங்க வேணாம்னா வேணாம்."

"படிங்க சார். ஊரே கேட்டுச்சு. நான்தான் இன்னும் கேக்கல."

பாவு இழுப்பது உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். சேலைப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் தெருக்காரர்கள் நின்று, அறுந்த இழையை முடிந்து, ஒட்டியதைப் பிரித்துச் சீராக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து கைகொடுக்கும். தொட்ட கையை நடுவில் எடுக்க முடியாது, எடுத்தால் இழை சிக்கிக்கொள்ளும். இரண்டு கையும் மாட்டியிருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். உலகத்தில் எந்த வாத்தியாருக்கும் இப்படி ஒரு வகுப்பு கிடைத்ததில்லை. எழுந்து ஓட முடியாத வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பாவு ஏறியது. அன்று இழுத்தது தாமு வீட்டுப் பாவு. பட்டு தன்னுடையது என்பதால் முதலாளியும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒரு இழைகூட இல்லாத குடைக்காரரும் வந்தார். குடையைப் பாவு கட்டிய கம்பத்தில் மாட்டிவிட்டு, எதுவும் பேசாமல் ஓர் ஓரத்தில் நின்று இழை முடியத் தொடங்கினார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கவில்லை.

சார் தெரு நடுவில் வந்து நின்றார். "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குப் பாடம் ஒரு சிறுகதை. என் மாணவன் தாமு எழுதுனது. அந்தப் பக்கம் நிக்கறவங்க இடம். இந்தப் பக்கம் ஆள். முதலாளி ஐயா சிக்கல்."

"நான் இன்னாத்துக்குச் சிக்கல்?" என்றார் முதலாளி.

"பின்னால தெரியும் ஐயா." படிக்கத் தொடங்கினார். கணீரென்று, நேற்று நடந்ததுபோலவே படித்தார். தெரு குனிந்த தலை நிமிரவில்லை. கம்பத்தில் குடை லேசாக ஆடியது.

"இடம் எது?" என்று கேட்டார். "சொல்லுங்கம்மா, கை நகராம வாயால சொல்லுங்க."

"நம்ம தெருதான் சார்" என்றார் தாமுவின் அம்மா மெதுவாக.

"நம்ம தெருவுல முதலாளிகிட்ட ஜரிகை எப்படி வாங்குவீங்க?"

"எடை போட்டுத்தான்."

"பட்டு?"

"அதுவும் எடைதான்."

"சேலை நெய்ஞ்சு எடுத்துக்கினு போனா?"

"சேலையும் எடை போட்டுத்தான் எடுத்துக்குவாங்க. எத்தினி வருஷமா போடறோம், இது இன்னா சார் கேள்வி?" என்று யாரோ ஒருவர் அலுத்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் அவரே நிறுத்திவிட்டார். பாவு ஓரமாக ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"கதையில தராசைக் காணோமேடா தாமு" என்றார் சார்.

"மறந்துட்டேன் சார்."

"அவன் மறந்தான், சின்னப் பையன். தெருவே மறந்துச்சே, அதெப்படி?" பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "ஐயா, இப்ப சிக்கல் பெஞ்சு. குடைக்காரரு குடுத்த சேலையில எப்பவாவது எடை குறைஞ்சதா?"

முதலாளி வெற்றிலையை ஒதுக்கினார். எங்கேயோ பார்த்தார். ஆனால் அவர் பொய் சொல்கிற மனிதர் அல்ல.

"இல்ல. அவரு சேலை ஒரு நாளும் குறைஞ்சதில்ல."

சார் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். ஆனால் அன்று அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

"யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன். என் கையால நான்தான் தராசு புடிச்சேன்."

பிள்ளைகளே, அத்தனை வாரமாக, அத்தனை வாய்களுக்குப் பிறகு, 'நான் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னது அப்போதுதான். அவர் பார்த்ததோ வேறாக இருந்தது.

அப்போது குடைக்காரர் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "கதை நல்லாத்தான் இருக்குது சார். ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியல. அந்த ஆளு எதுக்காக எடுத்தான்? புள்ளைக்கு உடம்பு சரியில்லியா, கடனா, குடியா? ஒண்ணுமே சொல்லலியே. காரணம் இல்லாம ஒருத்தன் திருடுவானா?"

தாமுவிடம் காரணம் இல்லை. தெருவில் யாரிடமும் இல்லை. அங்கே அவரவர் கையில் இருந்த இழையை அவரவர் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிவு இல்லாம விட்டதுதான் தப்பு" என்றார் சார். "முடிவ நீங்களே சொல்லிடுங்கப்பா."

குடைக்காரர் கையில் இருந்த முடிச்சைப் போட்டு முடித்தார். கம்பத்திலிருந்து குடையை எடுத்தார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கு சார் யாரு பாத்தான்னு கேட்டா பதில் சொல்லணும் இல்ல" என்றபடி குடையைத் தலைகீழாகப் பிடித்து விரித்து உதறினார்.

ஒன்று விழுந்தது.

கரப்பான் பூச்சி. நல்ல வளர்ந்த பூச்சி. நேராகப் பாவின் மேல் விழுந்து, பட்டின் மேல் ஓட்டம் பிடித்தது. இரண்டு கையும் இழையில் மாட்டிய பெண்கள் அலறினார்கள், ஆனால் ஒருவராலும் கையை எடுக்க முடியவில்லை. பூச்சி ஒவ்வொருவர் விரலாக ஏறி இறங்கி ஓடியது. "ஐயோ, பட்டு, என் பட்டு" என்று முதலாளி நாற்காலியோடு எழுந்தார். தாமுவின் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அண்ணா, அதப் புடிங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று குடைக்காரரிடம் கெஞ்சினார். அத்தனை வாரத்தில் அவர் அந்த மனிதரோடு பேசிய முதல் பேச்சு அது. குடைக்காரர் பூச்சியைப் பிடித்துத் தெருவோரம் விட்டுவிட்டு வந்து, மறுபடி இழையில் கை வைத்தார். இந்த முறை பக்கத்தில் ஆள் நின்றிருந்தது. தெரு சிரித்துச் சிரித்து, இழை சில இடங்களில் உண்மையாகவே அறுந்துபோயிற்று.

முதலாளி கிளம்பும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பட்டு வந்துடுச்சுப்பா. நாளைக்கு வந்து வாங்கிக்க."

அடுத்த வாரமே கடைசி வீட்டில் தறி ஓடியது. நான் பார்த்தேன், கேட்டேன், இரண்டும்.

அதன் பிறகு சார் கதை எழுதச் சொன்னால், "உங்க தெருவே வேணாம்டா, ஆளை விடுங்க" என்பார். எல்லோரும் அடுத்த தெருவை வைத்து எழுதினோம். அடுத்த தெருவிலிருந்து புகார் வந்தது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். சாரைத் தெற்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அவர் போன பிறகு ஊரில் வதந்திகள் மறுபடி நெஞ்சை நிமிர்த்தி நடந்தன. ஆனால் எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் நுழையும்.

பல வருஷங்கள் கழித்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சேதி என் காதில் விழுந்தது. நேரே குடைக்காரர் வீட்டுக்குப் போனேன். வயதாகிவிட்டிருந்தது, ஆனால் தறியில்தான் இருந்தார். குடை சுவரில் மாட்டியிருந்தது.

"மாமா, யாரு பாத்தா சார் தவறிட்டாராம்."

அவர் தறியை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா பாத்தா?"

"பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க மாமா."

"அவங்க பாத்தாங்களா?"

"இல்ல. அவங்களுக்கும் யாரோ சொன்னாங்களாம்."

"நீ பாத்தியா?"

"இல்ல மாமா."

"அப்ப விடு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நெய்யத் தொடங்கினார். நானும் விட்டுவிட்டேன்.

இன்றுவரை, பிள்ளைகளே, நேரில் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.